சுடர் பிடிக்காத ஜிசி: மலைமேல் லேபுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

டிசம்பர் மாதக் காலை, ஊட்டி. லேபுக்குள்ளேயே எட்டு டிகிரி. கோத்தகிரிப் பக்கம் தைலம் காய்ச்சுகிற பெரியவர் ஒருவர் துணிப்பையில் இரண்டு பாட்டில்களோடு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். யூகலிப்டஸ் தைலத்தில் சினியோல் என்கிற முக்கியச் சேர்மம் எத்தனை சதவீதம் என்று தெரிந்தால்தான் அவருக்கு விலை பேச முடியும். உள்ளே, கோயம்புத்தூரில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்த பெண் ஜிசி (கேஸ் குரோமடோகிராஃப், கலவையைத் தனித்தனிச் சேர்மங்களாகப் பிரித்து அளக்கும் மெஷின்) முன்னால் நின்று, அதன் சுடரைப் பற்றவைக்கும் இக்னைட் பட்டனை அழுத்துகிறார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்துகிறார். நான் தேநீர் டம்ளரோடு உள்ளே நுழைந்தபோது அது பத்தாவது தடவையோ பதினோராவது தடவையோ.

"பாப்பா, பட்டனை விடு. முதல்ல ஹைட்ரஜனை மூடு" என்றேன்.

"இக்னைட்டர் போயிருச்சுங்களா அண்ணா?"

புதிதாக வருகிற எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். பெரும்பாலும் அது போயிருக்காது. சுடர் பிடிக்காததற்கு சூடு, வாயு, தண்ணீர் என்று மூன்று காரணங்கள் முன்னால் நிற்கும். இக்னைட்டரின் முறை அப்புறம்தான். மலைமேல் இருக்கும் லேபில் இந்த மூன்றும் சமவெளியைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே விளையாடும். அந்த வரிசையிலேயே பார்ப்போம்.

ஜிசியில் சுடர் எரியும் பகுதியான, எஃப்ஐடி என்று நாம் சொல்லும் சுடர் அயனியாக்க டிடெக்டர் 1957-58 வாக்கில் ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் தனித்தனியாக உருவானது. அதன் அடிப்படை இன்றுவரை மாறவில்லை. ஜெட் என்கிற சின்ன உலோக மூக்கின் நுனியில் ஹைட்ரஜன் எரிகிறது. சுற்றிலும் காற்று. கலவையைப் பிரிக்கும் குழலிலிருந்து வெளிவரும் கரிமச் சேர்மம் அந்தச் சுடரில் எரியும்போது அயனிகள் உண்டாகின்றன. மேலே இருக்கும் கலெக்டர் என்கிற மின்முனை அவற்றை இழுத்துக்கொள்கிறது. பைகோ ஆம்பியர் அளவில் பாயும் அந்த மின்னோட்டம்தான் திரையில் பீக்காக, அதாவது மேடாக, தெரிகிறது. (லேபில் இந்தக் குழலைக் 'காலம்' என்போம். எழுத்தில் நேரத்தோடு குழம்பும் என்பதால் இங்கே குழல் என்றே எழுதுகிறேன்.)

கேபிலரி என்கிற மெல்லிய குழல் போட்ட மெஷினில் வழக்கமான அளவுகள் இவை: ஹைட்ரஜன் நிமிடத்துக்கு 30 முதல் 40 மி.லி., காற்று 300 முதல் 400 மி.லி., மேக்கப் நைட்ரஜன் (குழலின் ஓட்டத்தோடு டிடெக்டரில் கூடுதலாகச் சேர்க்கும் வாயு) 25 முதல் 30 மி.லி. ஹைட்ரஜனுக்குப் பத்து மடங்கு காற்று. குழலின் ஓட்டமும் மேக்கப்பும் சேர்ந்து ஏறக்குறைய ஹைட்ரஜன் அளவுக்கு. இந்த விகிதம் மனதில் இருந்தால் போதும். சரியான எண்ணை உங்கள் மெஷினின் கையேட்டில் பாருங்கள்.

முதலில் உயிர், அப்புறம் ரிசல்ட்

வீட்டுக் கேஸ் அடுப்பில் லைட்டர் பிடிக்காமல் நாலைந்து தடவை தட்டி, கடைசியில் 'பஃப்' என்று பிடித்துப் புருவம் கருகியவர்கள் உண்டு. சமையல் கேஸிலாவது நாற்றம் இருக்கிறது. ஹைட்ரஜனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றில் 4 சதவீதம் முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் அது பற்றும். பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்கே தெரியாது.

அதனால் எங்கள் லேபில் ஒரு கட்டுப்பாடு. மூன்று தடவைக்கு மேல் இக்னைட் அழுத்தக் கூடாது. பிடிக்கவில்லையா, ஹைட்ரஜனை மூடு. காற்றை மட்டும் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிடு. அதற்குப் பிறகுதான் அடுத்த முயற்சி. டிடெக்டரின் புகைபோக்கிக்கு நேர் மேலே முகத்தைக் கொண்டுபோய் எட்டிப் பார்க்கவே கூடாது.

இன்னும் இரண்டு விஷயம். குழலைக் கழற்றியிருக்கிறீர்கள், டிடெக்டரின் அடிப்பக்கத் துளை திறந்து கிடக்கிறது, அந்த நேரத்தில் ஹைட்ரஜனைத் திறந்தால் அது நேரே குழல் இருக்கும் ஓவனுக்குள் இறங்கும். ஓவன் சூடேறும்போது என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. அடைப்பு நட்டைப் போடாமல் ஹைட்ரஜன் பக்கமே போகாதீர்கள்.

அடுத்தது மின்வெட்டு. புது மெஷின்களில் மின்சாரம் போனதும் வாயு வால்வுகள் தாமாக மூடிக்கொள்ளும். கையால் திருகும் பழைய மெஷின்களில் அப்படி இல்லை. கம்ப்ரஸர் நின்று காற்றும் நின்றுவிடும், சுடர் அணையும், ஆனால் சிலிண்டரிலிருந்து ஹைட்ரஜன் பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் அறுந்தால் எப்போது கரண்ட் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. விளக்கு அணைந்ததும் டார்ச்சைத் தேடுவதற்கு முன்னால் ஹைட்ரஜன் வால்வை மூடுங்கள்.

எந்த நோய் என்று பாருங்கள்

'ஃபிளேம் பிடிக்கல' என்கிற ஒரே வாக்கியத்துக்குள் மூன்று வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. சுடர் பிடிக்கவே இல்லை என்பது ஒன்று. பிடித்து, உடனே அணைகிறது என்பது இன்னொன்று. மூன்றாவது வேடிக்கையானது: சுடர் அழகாக எரிந்துகொண்டிருக்கும், மெஷினுக்கு மட்டும் தெரியாது.

காதைக் கொடுங்கள். பிடிக்கும்போது 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அணைந்து மறுபடி பிடித்தால் இரண்டு 'டப்'. மெஷின் தானாகவே திரும்பத் திரும்ப முயன்றால் 'டப்... டப்... டப்' என்று வரிசையாகக் கேட்கும். அப்படிக் கேட்டால் இக்னைட்டர் நன்றாகத்தான் இருக்கிறது என்று அர்த்தம், அதைத் தொடவேண்டாம்.

அடுத்து கண்ணாடிச் சோதனை. சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியோ, ஸ்பேனரின் பளபளப்பான பக்கமோ போதும். புகைபோக்கியின் வாயில் சாய்வாகப் பிடித்தால் ஆவி படியும். எரிகிற ஹைட்ரஜன் தண்ணீராகிறது, அவ்வளவுதான். நிமிடத்துக்கு 30 மி.லி. ஹைட்ரஜன் எரிந்தால் மணிக்கு ஒன்றேகால் கிராமுக்கு மேல் தண்ணீர். நாள் முழுக்க எரிந்தால் 30 கிராமைத் தாண்டும். அந்தப் புகைபோக்கி வழியாகத் தினமும் ஏறக்குறைய இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீர் ஆவியாகப் போகிறது. இந்தக் கணக்குக்குப் பின்னால் மறுபடி வருவோம்.

இந்தச் சோதனையைச் சமவெளியில் கற்றுக்கொண்டு வந்தவர்கள் இங்கே ஏமாறுவார்கள். பனிமூட்டம் உள்ளே வரும் காலையில் குளிர்ந்த ஸ்பேனரை வெறும் காற்றில் நீட்டினாலே ஈரம் படியும். குனிந்து பார்க்கிறவரின் மூச்சுக் காற்றும் சேர்ந்துகொள்ளும். அதனால் கண்ணாடியைத் துடைத்து, சட்டைப் பையில் கொஞ்ச நேரம் வைத்து வெதுவெதுப்பாக்கி, முதலில் மெஷினுக்குப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். அங்கே படியாமல் புகைபோக்கி மேல் படிந்தால்தான் சுடர்.

சூடு

இது சுருக்கமான விஷயம், ஆனால் தவறு அதிகம் நடக்கும் இடம். டிடெக்டர் 150 டிகிரியைத் தாண்டாமல் பற்றவைக்கக் கூடாது. வேலை செய்யும் சூடு 250 முதல் 300 வரை. பல மெஷின்கள் 150-க்குக் கீழே பற்றவைக்கவே மறுக்கும், திரையில் 'தயாரில்லை' என்று நிற்கும். பழையவை எதுவும் சொல்லாது. நீங்கள் பற்றவைத்தால் அது பாட்டுக்கு எரியும், மேலே சொன்ன தண்ணீர் முழுவதும் கலெக்டருக்குள்ளேயே துளித்துளியாகத் தங்கும். அப்புறம் துரு, இரைச்சல், அணையும் சுடர். ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது என்பதால் இதில் சலுகை ஒன்றும் கிடையாது.

எட்டு டிகிரி அறையில் மெஷின் சூடேறச் சமவெளியைவிட நேரம் ஆகும். காலையில் முதல் வேலையாக ஹீட்டரைப் போட்டுவிட்டு, தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். நான் வேண்டுமென்றேதான் டம்ளரோடு அலைகிறேன்.

வாயு: சிலிண்டரிலிருந்து நடந்து வாருங்கள்

மெஷின் திரையில் ஹைட்ரஜன் 30 என்று எழுதியிருக்கலாம். அது நீங்கள் கேட்ட அளவாக இருக்கலாம், வருகிற அளவாக இல்லாமலும் இருக்கலாம். திரையில் கேட்ட அளவு, உண்மை அளவு என்று இரண்டு எண் இருந்தால் இரண்டாவதைப் பாருங்கள். பிறகு வெளியே போய்ச் சிலிண்டர் கூண்டிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே உள்ளே வாருங்கள்: சிலிண்டர் வால்வு, ரெகுலேட்டர், சுவர் வால்வு, ஃபில்டர், மெஷினின் பின்பக்க இணைப்பு. நிஜமாகவே கையால் தொட்டு. ஒருமுறை இரண்டு மணி நேரம் டிடெக்டரைப் பிரித்து மேய்ந்துவிட்டுக் கடைசியில் பார்த்தால், சுவர் வால்வை முந்தைய நாள் மாலை நானே மூடியிருந்தேன்.

சிவப்பு சிலிண்டர் ஹைட்ரஜன். அதன் ரெகுலேட்டர் இடது மரை. மற்ற நட்டுகளை இறுக்கும் திசையில் திருப்பினால் இது கழன்று வரும். பற்றும் வாயுவும் பற்றாத வாயுவும் மாறிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். மாட்டவில்லை என்று யாரும் சுத்தியலைத் தேடாதீர்கள். ரெகுலேட்டரின் வெளிப்பக்க அழுத்தம் ஹைட்ரஜனுக்கு 3 முதல் 4 பார் இருந்தால் பெரும்பாலான மெஷின்களுக்குப் போதும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வந்த சிலிண்டர், வந்த அன்று மத்தியானம் 140 பார் காட்டியது, மறுநாள் காலை 130 காட்டுகிறது என்றால் கசிவு என்று பதற வேண்டாம். 30 டிகிரியிலிருந்த வாயு 8 டிகிரிக்குக் குளிர்ந்தால் அழுத்தம் ஏறக்குறைய 7 சதவீதம் இறங்கும். கணக்கு சரியாகவே இருக்கிறது. வெயில் ஏறியபின் திரும்பப் பாருங்கள். அப்போதும் 130-லேயே நின்றால், அல்லது இன்னும் இறங்கியிருந்தால், சோப்புத் தண்ணீரை எடுங்கள். ரெகுலேட்டர், சிலிண்டர் வால்வு, சுவர் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்க்கலாம். டிடெக்டர் பக்கத்திலும் குழல் இணைப்புகளிலும் சோப்பு வேண்டாம், அந்த அழுக்கு உள்ளே போனால் பேஸ்லைனில் (பீக் இல்லாதபோது திரையில் ஓடும் அடிக்கோட்டில்) பல நாள் தெரியும். அங்கே எலக்ட்ரானிக் லீக் டிடெக்டர்தான். தீக்குச்சியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சரி, அந்த டிசம்பர் காலைக்கு வருவோம். முந்தைய நாள் மாலை சிலிண்டர் மாற்றியிருந்தார்கள். மாற்றும்போது குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டது. கூண்டிலிருந்து மெஷின் வரை எங்களுக்குப் பத்து மீட்டர் மெல்லிய குழாய். இரண்டு மில்லிமீட்டர் உள் விட்டம் என்றால் உள்ளே 30 மி.லி.க்குச் சற்று மேல் இடம். மூன்று பார் கேஜ் அழுத்தத்தில் (வெளிக்காற்றைவிட மூன்று பார் கூடுதல்) அதற்குள் அடைந்திருப்பது நான்கு மடங்கு வாயு. நிமிடத்துக்கு 30 மி.லி. வீதம் இழுக்கிற மெஷின் அதைக் காலி செய்ய நான்கு நிமிடம், கலந்து கிடப்பதையும் சேர்த்தால் இன்னும் அதிகம். அந்தப் பெண் பட்டனை அழுத்தத் தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஹைட்ரஜனை மூடி, காற்றை ஓடவிட்டு, பிறகு இக்னைட்டரைத் தொடாமல் ஹைட்ரஜனை மட்டும் பத்து நிமிடம் ஓடவிட்டோம். அதையும் சும்மா அறைக்குள் விடவில்லை, ஜன்னலைத் திறந்துவைத்து, புகைபோக்கியிலிருந்து ஒரு குழாயை எக்ஸாஸ்ட் வாய்க்குக் கொண்டுபோய். மறுபடி மூடி, காற்றால் சுத்தம் செய்து, திறந்து, ஒரே அழுத்து. டப்.

சிலிண்டர் மாற்றிய அடுத்த காலை, லீவு முடிந்த திங்கட்கிழமை இரண்டிலும் முதல் முயற்சி தோற்றால் இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

மலைக் கணக்கு

மின்னணு ஓட்டக் கட்டுப்பாடு உள்ள மெஷின் என்றால் இந்தப் பகுதியை மேலோட்டமாகப் படித்தால் போதும். அது கடல்மட்ட அளவுக்குக் கணக்கிட்டே வாயுவை விடும். ஆனால் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சின்ன லேபுகளில் கையால் திருகும் ஊசி வால்வும் சோப்புக் குமிழி அளவியும் (குமிழி ஏறும் வேகத்தை வைத்து வாயு ஓட்டத்தை அளப்பது) இன்னும் ஓய்வு பெறவில்லை.

ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 76 சதவீதம்தான். குன்னூரில் 80 சதவீதம். குமிழி அளவியில் 30 மி.லி. என்று நீங்கள் அளப்பது இங்கத்திய மெலிந்த வாயு. கடல்மட்டக் கணக்கில் அது 23 மி.லி. சுமார். கையேட்டில் 30 என்று போட்டிருப்பதைப் பார்த்து இங்கே குமிழியில் 30 வைத்தால், சுடருக்குக் கால்பங்கு பட்டினி. ஊட்டியில் உண்மையான 30 வேண்டுமென்றால் குமிழியில் 39 வரை காட்ட வேண்டும்.

'ஹைட்ரஜன், காற்று இரண்டையும் ஒரே அளவியில்தானே அளக்கிறோம், விகிதம் மாறாதே' என்று ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. அந்த இரண்டுக்கும் நடுவே விகிதம் மாறாது. ஆனால் குழலின் ஓட்டத்தை எலக்ட்ரானிக்காகவும் டிடெக்டர் வாயுக்களைக் குமிழியாலும் வைத்தால் மாறிவிடும். கேரியர் (மாதிரியைக் குழல் வழியே சுமந்து வரும் வாயு) முழு அளவில் வருகிறது, ஹைட்ரஜன் முக்கால் அளவில் வருகிறது, சுடர் திணறுகிறது. பாதிப் புதுப்பித்த மெஷின்களில் இதுதான் கதை.

கேஜ் அழுத்தத்தை வைத்து ஓட்டத்தைச் சொல்லும் அட்டவணை கையேட்டோடு வந்திருந்தால் அதையும் நம்பாதீர்கள். கேஜ் காட்டுவது வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்பதை மட்டும்தான். கேஜ் ஒரு பார் காட்டும்போது கீழே முழு அழுத்தம் இரண்டு பார், ஊட்டியில் ஒன்றே முக்கால். அதே கட்டுப்பாட்டுக் குழாய் வழியாக இங்கே ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவான வாயுதான் போகும். எங்களுடைய மெஷின் பக்கத்துச் சுவரில் பழைய அட்டவணையின் மேல் பேனாவால் எழுதிய புது எண்கள் ஒட்டியிருக்கின்றன. உங்களுடையதிலும் ஒட்டுங்கள்.

அளக்கும்போது ஒவ்வொரு வாயுவாக, மற்றவற்றை மூடிவிட்டு, புகைபோக்கியின் வாயில் குழாயைப் பொருத்தி அளக்க வேண்டும். இக்னைட்டர் அணைந்திருக்க வேண்டும். ஹைட்ரஜனையும் காற்றையும் ஒன்றாக அளவிக்குள் அனுப்புவது வெடிக்கலவை தயாரிப்பது. மெஷின் 30 என்கிறது, வெளியே 18-தான் வருகிறது (மேலே சொன்ன உயரக் கணக்கையும் கழித்த பிறகு) என்றால் நடுவில் எங்கோ கசிகிறது அல்லது ஜெட் அடைத்திருக்கிறது.

அளக்க நேரமில்லை, வாசலில் ஆள் காத்திருக்கிறார் என்றால் ஒரு குறுக்குவழி. மேக்கப் நைட்ரஜனை மூடுங்கள், ஹைட்ரஜனைக் கொஞ்சம் ஏற்றுங்கள், பற்றவையுங்கள். பிடித்ததும் மெதுவாகப் பழைய அளவுக்கு வாருங்கள். பல மெஷின்கள் பற்றவைக்கும்போது இதையேதான் தாமாகச் செய்கின்றன. இப்படிச் செய்தால் மட்டும் பிடிக்கிறது என்றால் கோளாறு விகிதத்தில் இருக்கிறது. அன்றைய வேலையை முடித்துவிட்டு மாலையில் அளந்தே ஆக வேண்டும். குறுக்குவழியையே வழக்கமாக்கிக்கொண்ட லேபுகளை எனக்குத் தெரியும், அவர்களுடைய அளவுகள் வாரத்துக்கு வாரம் வேறுவேறாக வரும்.

கேரியராகவே ஹைட்ரஜனைப் பயன்படுத்தினால், குழல் வழியாக வருவதையும் சேர்த்துத்தான் சுடருக்குப் போகும் மொத்த ஹைட்ரஜன். டிடெக்டர் ஹைட்ரஜனை அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும்.

கம்ப்ரஸரும் ஈரமும்

காற்று என்றதும் எல்லோரும் அலட்சியமாக இருப்பார்கள், அதற்குக் காசில்லை என்பதால். ஆனால் ஜூன், ஜூலையில் பாதி நாள் மேகத்துக்குள்ளேயே இருக்கிற ஊரில் கம்ப்ரஸர் உறிஞ்சுவது பாதி தண்ணீர். அழுத்தியதும் அது டாங்கின் அடியில் தேங்குகிறது. வடிகால் வால்வைத் தினமும் திறந்துவிடாவிட்டால் ஒருநாள் அந்தத் தண்ணீர் குழாய்க்குள் ஏறி, ஒரு துளி ஜெட் பக்கம் வந்து சேரும். பிடித்த சுடர் 'ஸ்ஸ்' என்று அணையும். மறுபடி பிடிக்கும், மறுபடி அணையும். டாங்கைத் திறந்து, அழுக்குத் தண்ணீர் பீச்சியடிப்பதைப் பார்த்தபிறகுதான் நம்புவீர்கள்.

குழாயில் இருக்கும் சிலிகா ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் அது வேலையை நிறுத்திவிட்டது. எங்கள் லேபில் ஜனவரியில் பல வாரம் தாங்குவது ஜூலையில் சில நாளில் சிவந்துவிடும். ஓவனில் 120 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால் மறுபடி நீலமாகும். இரண்டு செட் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுவது சுலபம்.

மெலிந்த காற்றை உறிஞ்சுவதால் அதே கம்ப்ரஸர் இங்கே கீழே தருவதைவிடக் குறைவாகத்தான் தரும். இரண்டு மெஷினுக்கு ஒரே கம்ப்ரஸர் என்றால் இரண்டாவதைப் போடும்போது முதலாவதின் சுடர் அணைகிறதா என்று பாருங்கள்.

இப்போது இக்னைட்டர்

ஹைட்ரஜனை மூடுங்கள். முழுவதும் மூடியது உறுதியான பிறகு, விளக்கை அணைத்துவிட்டு, புகைபோக்கி மேல் ஒரு கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, பட்டனை அழுத்தச் சொல்லி இன்னொருவரைக் கேளுங்கள். உள்ளே கம்பிச் சுருள் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்வது கண்ணாடியில் தெரிய வேண்டும். மங்கிய சிவப்பாக மட்டும் தெரிந்தால் மின்சாரம் போதவில்லை: இணைப்பு தளர்ந்திருக்கலாம், துருப்பிடித்திருக்கலாம், மாலை நேரத்தில் வோல்டேஜ் இறங்கியிருக்கலாம். எதுவுமே தெரியவில்லை என்றால், மெஷினை அணைத்து, ஆறவிட்டு, இணைப்பைக் கழற்றி மல்டிமீட்டரில் பாருங்கள். நல்ல சுருளின் மின்தடை மிகக் குறைவு. தொடர்ச்சியே இல்லை என்றால் அறுந்துவிட்டது, புதிது மாற்ற வேண்டும். ஒன்றை எப்போதும் டிராயரில் வைத்திருங்கள். மலைப்பாதையில் மண் சரிந்தால் கூரியர் எப்போது வரும் என்று கேட்காதீர்கள்.

ஜெட்

சூடும் வாயுவும் இக்னைட்டரும் சரியாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால் ஜெட்டைக் கழற்ற வேண்டியதுதான். எல்லா வாயுவையும் மூடி, டிடெக்டர் 50 டிகிரிக்குக் கீழே வந்தபிறகு, மெஷினை அணைத்துவிட்டு. ஜெட்டுக்கும் கலெக்டருக்கும் நடுவே வேலை நேரத்தில் நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கும் என்பதை மறக்காதீர்கள். வெறும் கையால் தொடாதீர்கள், விரலின் எண்ணெய்ப் பசை போதும் பேஸ்லைனைக் கெடுக்க. பஞ்சு உதிராத கையுறை போடுங்கள்.

கழற்றிய ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். கேபிலரிக் குழலுக்கான ஜெட்டின் துளை 0.3 மில்லிமீட்டர் அளவுதான், ஊசி முனை மாதிரி ஒரு வெளிச்சப் புள்ளி வட்டமாகத் தெரிய வேண்டும். பிறைச் சந்திரன் மாதிரித் தெரிந்தால் அடைப்பு. வெள்ளைப் பொடியாக இருந்தால் அது சிலிக்கா, குழலின் உள்பூச்சு கரைந்து வந்து சுடரில் எரிந்த சாம்பல். கறுப்பாக இருந்தால் கரி, குளோரின் உள்ள கரைப்பான்களும் அரோமேட்டிக் கரைப்பான்களும் செய்யும் வேலை. மின்னும் கறுப்புத் துணுக்காக இருந்தால் கிராஃபைட் ஃபெரூல் (குழல் இணைப்பைக் கசியாமல் அடைக்கும் வளையம்) உடைந்து ஏறியிருக்கிறது, நட்டை யாரோ பலமாக இறுக்கியிருக்கிறார்கள்.

ஜெட்டோடு வந்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு மென்மையாக இழுங்கள். கையில் கிடைத்த குண்டூசியால் குத்தினால் உள்ளே கீறல் விழும், சுடர் கோணலாகும், அதற்குப் பிறகு அந்த ஜெட் குப்பைக்குத்தான். சோப்புக் கலந்த தண்ணீரில் அல்ட்ராசோனிக் தொட்டியில் ஐந்து நிமிடம், சுத்தமான தண்ணீரில் அலசு, மெத்தனாலில் அலசு, உலர்த்து. நேர்மையாகச் சொன்னால், மோசமாக அடைத்த ஜெட்டோடு அரை நாள் மல்லுக்கட்டுவதைவிடப் புதிது போடுவது மலிவு. திரும்பப் பொருத்தும்போது இறுக்கமாக, ஆனால் வெறியோடு அல்ல.

கலெக்டரையும் அதே சமயம் துடைத்துவிடுங்கள். குழல் எவ்வளவு தூரம் ஜெட்டுக்குள் ஏறியிருக்கிறது என்றும் பாருங்கள். சில மெஷின்களில் குழலை முட்டும்வரை ஏற்றி ஒரு மில்லிமீட்டர் பின்னால் இழுப்பார்கள், சிலவற்றில் அளவு குறிப்பிட்டிருக்கும். அதிகம் ஏறினால் குழலின் நுனியே சுடருக்குள் போய்க் கருகும்.

பிடித்து அணைந்தால்

இஞ்செக்ஷன் போட்டவுடன் (மாதிரியை மெஷினுக்குள் செலுத்தியவுடன்), கரைப்பான் பீக் வரும் நேரத்தில் மட்டும் அணைகிறதா? கரைப்பான் அலை சுடரை அடித்துக்கொண்டு போகிறது. இஞ்செக்ஷன் அளவைக் குறையுங்கள், ஸ்ப்ளிட்டை (குழலுக்குள் விடாமல் வெளியே கழிக்கும் பங்கை) ஏற்றுங்கள், ஹைட்ரஜன் உண்மையிலேயே 30-க்கு மேல் வருகிறதா என்று பாருங்கள். அகலமான குழல் போட்டு ஓட்டம் அதிகமாக இருந்தாலும் இப்படி நடக்கும். எப்போது வேண்டுமானாலும் அணைகிறது என்றால் காற்றில் தண்ணீர், சிலிண்டர் காலியாகும் நேரம், அல்லது அழுத்தம் ஏறி இறங்கும் ரெகுலேட்டர். ஜன்னலோரம் இருக்கும் மெஷினில் மலைக் காற்று புகைபோக்கிக்குள் நேரே வீசி அணைத்ததையும் பார்த்திருக்கிறேன். ஜன்னலைச் சாத்தினோம், சரியாகிவிட்டது.

எரிகிறது, ஆனால் மெஷின் இல்லை என்கிறது

சுடர் பிடித்ததும் சிக்னல் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஏற வேண்டும். பல மெஷின்களில் அது 2 பைகோ ஆம்பியர் என்று வைக்கப்பட்டிருக்கும். அந்த அளவு ஏறாவிட்டால், எரிந்துகொண்டிருக்கும் சுடரை இல்லை என்று சொல்லி மெஷின் வாயுவை மூடிவிடும். கண்ணாடியில் ஆவி படிகிறது, திரை மட்டும் மறுக்கிறது என்றால், மெஷினை அணைத்து ஆறவிட்ட பிறகு, கலெக்டரைத் தொடும் ஸ்பிரிங் வளைந்திருக்கிறதா, கருத்திருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் அதுதான்.

இதற்கு நேர்மாறாக, சுடரே இல்லாதபோதும் சிக்னல் உயரமாக நிற்கும். கலெக்டரைச் சுற்றியுள்ள இன்சுலேட்டரில் ஈரமோ அழுக்கோ படிந்து மின்சாரம் கசிகிறது. இரவில் அணைத்த மெஷின் குளிர்ந்து, உள்ளே பனி படிந்த காலைகளில் இதைப் பார்க்கலாம். டிடெக்டரை 300 டிகிரியில் ஒரு மணி நேரம் வாயு இல்லாமல் காயவிட்டுப் பாருங்கள். இறங்கினால் ஈரம், இறங்காவிட்டால் அழுக்கு.

சர்வீஸ் ஆளைக் கூப்பிடுமுன்

அவர் கோயம்புத்தூரிலிருந்து மலையேறி வர அரை நாள் ஆகும், வரும்போது சரியான உதிரிப்பாகம் பையில் இல்லாவிட்டால் இன்னொரு வாரம். அதனால் ஃபோன் செய்வதற்கு முன்னால் ஒரு தாளில் இவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: டிடெக்டரின் இப்போதைய சூடு, மூன்று வாயுக்களின் அளந்த ஓட்டம், எந்த அளவியால் அளந்தது, ரெகுலேட்டர் அழுத்தங்கள், சுடர் இல்லாதபோது சிக்னல் எவ்வளவு, பட்டனை அழுத்தும்போது எவ்வளவு, 'டப்' கேட்டதா, சுருள் ஒளிர்ந்ததா, ஜெட்டை எப்போது கடைசியாக மாற்றியது. ஊட்டியிலிருந்து பேசுகிறோம் என்பதையும் சொல்லுங்கள். சில பேர் அதைக் கேட்டதுமே 'குமிழியில எவ்வளவு வெச்சிருக்கீங்க?' என்று ஃபோனிலேயே முடித்துவிடுவார்கள்.